விற்கப் பழகிய பின் படம் எடுத்தவர்

சினிமாத் தொழில் என்றதும் நடிகரும் இயக்குனருமே நினைவுக்கு வருவர். அங்கு விற்கப்படும் சரக்கு எது என்று வியாபாரிகளாகிய நாம்கூட யோசிப்பதில்லை. உண்மையில் கைமாறுவது படச்சுருளல்ல. அதைக் காட்டும் உரிமை. ஒரே படத்தின் உரிமையை நாட்டுக்கு நாடு வேறாகவும், திரையரங்கு, தொலைக்காட்சி, வீடியோ எனப் பிரித்தும் விற்கலாம். இதை விளங்கிக்கொள்ள அமெரிக்கரான ரொபர்ட் ஷேயின் அனுபவம் உதவும்.

சட்டம் படித்த ஷே, 1967இல் நியூயோர்க்கில் தமது குடியிருப்பிலேயே நியூ லைன் சினிமா என்ற கம்பனியை ஆரம்பித்தார். படம் எடுக்கும் அளவுக்கு அவரிடம் முதல் இல்லை. எனவே பெரிய கம்பனிகள் திரும்பிப் பாராத படங்களைப் பல்கலைக்கழகங்களுக்கு விநியோகித்தார். அவற்றுள் ஒன்று 1936இல் கஞ்சாவுக்கு எதிராக எடுக்கப்பட்ட 'ரீஃபர் மேட்னஸ்'. பதிப்புரிமை இல்லாதுபோன படம். உரிமைக்கு யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை. புத்திமதிக்காக எடுத்த அப்படத்தை மாணவர்கள் சிரித்து மகிழவே பார்த்தார்கள்! வாடிக்கையாளர் எதற்காக வருகிறார் என்பதை ஷே அறிந்திருந்தார்.

சொந்தத் தயாரிப்பில் அவர் இறங்கியது சுமார் பத்தாண்டுகளின் பின்னரே. பல கம்பனிகள் நிராகரித்த ஒரு திகில் கதையை 1984இல் 'எ நைட்மேர் ஒன் எல்ம் ஸ்ட்ரீட்' என்று வெளியிட்டார். (படத்தின் உள்ளடக்கம் நமது பேச்சல்ல, கணக்கே பேச்சு.) செலவு இரண்டு மில்லியன் டொலருக்கும் குறைவு, அமெரிக்க வசூல் 25 மில்லியனளவில். வசூலில் கணிசமான பங்கு திரையரங்குக்குப் போய்விடும். ஆனாலும் பெயரும் தொடர்ச்சிப் படங்களும் கம்பனியின் கையிலேயே இருந்தன. 1994இல் டெட் டேர்னர் அக்கம்பனியை வாங்கினார். ஷே தொடர்ந்து அதை நடத்தினார்.

பெரிய படங்களுக்கு அவர் கையாண்ட வழி, படம் முடியுமுன்பே வெளிநாட்டு உரிமைகளை விற்று முதல் திரட்டுவது. காய்க்குமுன் தோப்பைக் குத்தகைக்கு விடுவது போன்றது. 2001 முதல் 2003 வரை வெளிவந்த 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' படங்களில் இம்முறை அவரது ஆபத்தைப் பெரிதும் குறைத்தது. 2007இல் 'கோல்டன் கொம்பஸ்' படத்திலோ அதுவே திருப்பி அடித்தது. சுமார் 180 மில்லியன் டொலர் செலவான அப்படம் அமெரிக்காவில் 70 மில்லியனளவே வசூலித்தது. வெளிநாடுகளில் 300 மில்லியன் வரை ஓடியும், அந்த இலாபம் முன்கூட்டி உரிமை வாங்கியவர்களுக்கே போனது. 2008இல் நியூ லைன், வோர்னர் பிரதர்ஸுக்குள் ஒரு பிரிவாகச் சுருங்கியது, ஷே விலகினார்.

முன்விற்பனையே தவறென்று இதனால் கூற முடியாது. அது இல்லாவிடின் சிறு தயாரிப்பாளர் பலர் படமே எடுக்க முடியாது. விலை பேசும்போது எந்த நாடு, எத்தனை வருடம், எந்த வகை உரிமை என்பன எழுத்தில் இருக்க வேண்டும். விநியோகஸ்தர் தமது தரகையும் விளம்பரச் செலவையும் கழித்த பின்னரே தயாரிப்பாளருக்குப் பங்கு தருவது வழமை. அச்செலவுக்கு உச்ச வரம்பு இடாத ஒப்பந்தத்தில், படம் நன்றாக ஓடியும் தயாரிப்பாளர் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம்.