பயிருக்கு முந்தும் நுண்ணுயிர்கள்

உலர்ந்த வைக்கோலை நிறையக் கொத்திப் புதைத்துவிட்டு, அடுத்த கிழமையே அப்பாத்தியில் கத்தரி நாற்று நடுவோரிடம் நாம் கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. பசளை இட்டும் பயிர் மஞ்சளிக்கின்றதே என்பது அது. நாற்றைக் குறை கூறுவர். கிணற்று நீரைக் குறை கூறுவர். கண்ணூறு என்பாரும் உளர். காரணமோ மண்ணுள் மறைந்து கிடக்கின்றது. இலக்கணம் கற்பிக்கும் நாம் மண்ணைக் கிளறப் புகுந்தது ஏன் எனச் சிலர் நகைக்கலாம். கல்லூரித் தோட்டத்தில் நம்மோடு நீர் இறைத்த பழைய மாணவர் நகையார்.

வளமான மண்ணில் ஒரு கிராமுள்ளே பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன, பங்கசுகளும் உடனுறைகின்றன. இவற்றுக்குக் காபன் உணவு. உடலை ஆக்குதற்கு நைதரசனும் வேண்டும். பற்றீரியாவின் உடலில் ஏறத்தாழ 8 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் உண்டு. இனிக் கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ வைக்கோலில் ஏறக்குறைய 40 கிலோ காபன் இருக்கும், நைதரசனோ 0.6 கிலோ அளவே. அக்காபனில் மூன்றிலொரு பங்கை, அதாவது 13 கிலோவை, நுண்ணுயிர்கள் உடலாக்குகின்றன எனக் கொள்வோம். எஞ்சியது காபனீரொட்சைட்டாக வெளியேறும். 13 கிலோ காபனுக்கு 1.6 கிலோ நைதரசன் தேவை. குறையும் 1 கிலோவை எங்கிருந்து பெறும்? பயிருக்கென மண்ணில் இருந்த அமோனியாவையும் நைத்திரேற்றையுமே அவை கவர்ந்துகொள்ளும்.

சீமைக்கிளுவைக் குழையின் கணக்கு வேறு. உலர்ந்த நிறையில் 100 கிலோவுக்கு 3 கிலோ அளவில் அதில் நைதரசன் உண்டு. நுண்ணுயிர்கள் தம் பங்கை எடுத்த பின்னும் பயிருக்கு மிஞ்சும். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தேடி வெட்டிவந்து தாழ்த்தது பச்சைக் குழையையே என்பதை ஈண்டு எண்ணுக.

இப்போட்டியில் முதலில் தோற்பது பயிரே. நுண்ணுயிர்கள் மண்துகள்தோறும் பரந்திருக்கின்றன. உணவு கிடைத்தால் சில மணி நேரத்திலேயே இரட்டிக்க வல்லன. வேரோ, நைதரசன் தன்னருகே வந்து சேரும்வரை காத்திருத்தல் வேண்டும். பட்டினியுற்ற பயிர் முதிய இலைகளிலுள்ள நைதரசனை உருவி இளந்தளிருக்கு அனுப்புகின்றது. அடியிலை முதலில் மஞ்சளிப்பது அதனால்.

ஆயினும் நுண்ணுயிரின் வாழ்நாள் குறுகியது. வைக்கோல் தீர்ந்ததும் அவை மடிகின்றன. புரொட்டோசோவாக்களும் அவற்றைத் தின்று, மிகுந்த நைதரசனை அமோனியாவாகக் கழிக்கின்றன. வேர் தான் பெற்றதை நெடுநாள் வைத்திருக்கும். ஆகவே, கவர்ந்த பொருள் சிறிது சிறிதாகப் பயிரின் கைக்கே வருகின்றது. அன்றியும், நுண்ணுயிர்களைக் கள்வரென்றே இகழ்தல் முறையன்று. கார்த்திகை மழையில் நைத்திரேற்று நீரோடு கரைந்து, சுண்ணக்கல் வெடிப்புகளினூடே நம் கிணறுகளை அடையும். கிணற்று நீரில் அது மிகுவது குழந்தைகளுக்குத் தீங்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இஃது அறியப்பட்ட இடர். மழைக்கு முன் நுண்ணுயிருடலில் அடங்கிய நைதரசன் அவ்வாறு ஓடிப்போகாது.

ஆதலின், வைக்கோலோ மரத்தூளோ புதைப்பவர் பச்சைக் குழையையும் மாட்டெருவையும் உடன் சேர்த்து, நன்கு மக்கும்வரை பல கிழமை பொறுத்து நடுக. பொறுக்க இயலாதவர் அவற்றைப் புதையாது மேலே பரப்புக. அப்போது போட்டி மேற்பரப்பளவில் நின்றுவிடும், ஈரமும் காக்கப்படும். அவ்விடத்தில் பயிற்றையை நடுதலும் ஆம். அதன் வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனை ஈட்டித் தரும்.

மாணவர் இதனை நேரிற் காணலாம். மூன்று சட்டிகளில் ஒரே மண்ணை நிரப்புக. ஒன்றில் இரு கைப்பிடி மரத்தூளைக் கலந்தும், மற்றொன்றில் அதே அளவை மேலே பரப்பியும், மூன்றாவதை வெறுமனே விட்டும் கீரை விதைத்து, ஒரே அளவு நீர் ஊற்றுக. எந்தச் சட்டியில், எத்தனையாம் நாள் அடியிலை மஞ்சளிக்கின்றது என்பதைக் குறித்து வருக.