சீசன் கணக்கு

எங்கள் ஊரில் பணம் தண்ணீரோடுதான் வரும். ஜூன் பிறந்து, மேற்கே மலை கறுத்து, செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று இறங்கிச் சாரல் போட ஆரம்பித்தால் குற்றாலத்தில் சீசன். அந்த மூன்று மாதமும், பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் வந்து குளித்துப் போகும் நாட்களும்தான் வருமானம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், அருவிக்கரையில் போட்டோ எடுக்கிறவர், துண்டு விற்கிறவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருக்கிறவர், நேந்திரம் சிப்ஸ் போடுகிறவர், லாட்ஜில் ரூம் காட்டுகிற பையன், ஐந்தருவிக்குச் சவாரி அடிக்கிற ஆட்டோக்காரர் என்று எல்லோரும் அப்போது ஓடி ஓடிச் சம்பாதித்து மீதி மாதங்களைத் தள்ளுவார்கள். கடன் கேட்கிறவர் "சீசன் முடிஞ்சு தாரேன்" என்றுதான் கேட்பார். அதுதான் இங்கே பிராமிசரி நோட்டு.

2020இல் சாரல் வந்தது, தண்ணீர் வந்தது, ஆள் வரவில்லை. பேரருவியில் ஆர்ச்சைத் தொட்டுத் தண்ணீர் கொட்டியது. கொரோனா ஊரடங்கு, பாதையில் போலீஸ் தடுப்பு. சாரல் திருவிழா கிடையாது. பிரானூர் பார்டரில் நள்ளிரவு தாண்டியும் தட்டுகிற பரோட்டாக் கல்லில் சத்தம் இல்லை. அந்த வருஷம் டிசம்பரில் அருவியைத் திறந்தார்கள். 2021 ஏப்ரலில் இரண்டாம் அலையில் மறுபடி மூடி, அந்த டிசம்பரில்தான் திறந்தார்கள். ஆக, இரண்டு முழு சீசன் போயிற்று. எங்கள் தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல். நாலு மாதக் குழந்தையாக இருந்த மாவட்டத்துக்குத்தான் முதல் ஊரடங்கு வந்து சேர்ந்தது.

நான் காசிமேஜர்புரம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அத்தியாவசியம் என்று எங்களைத் திறந்துவைக்க விட்டார்கள், மதியம் ஒரு மணிவரைக்கும். அதனால் ஊரில் யார் அடுப்பு எப்படி எரிகிறது என்பது மற்றவர்களைவிட எனக்குச் சீக்கிரம் தெரிந்தது. அதில் புரிந்துகொண்ட சிலதைச் சொல்கிறேன். பெருந்தொற்று திரும்ப வரும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வெள்ளம், கடையடைப்பு, வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் படுத்துவிடுவது என்று இதே நிலைமை வேறு வேறு பெயரில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கஷ்டப்படுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நினைக்காதீர்கள். ரேஷன் கடையில் டோக்கன் போட்டு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தபோது அதற்கு நின்றவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அவர்களுக்குக் கேட்கத் தெரியும். எனக்கு உறுத்தியது அருவிக்கரையில் சுத்தமாகச் சட்டை இஸ்திரி போட்டு நின்று தொழில் செய்தவர்கள். லாட்ஜ் பையன்களில் பலருக்கு ரேஷன் கார்டு வேறு மாவட்டத்தில். பஸ் நின்றுவிட்டதால் ஊருக்கும் போக முடியாது. அவர்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு, வாங்குகிற அளவைப் பார்ப்பது. அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்குகிறவர் பத்து ரூபாய் பாக்கெட்டுக்கு இறங்குவார். துவரம்பருப்பு குறையும், பிறகு நிற்கும். பிள்ளைக்கு பிஸ்கட் வாங்குகிறவர் பிள்ளையைக் கூட்டி வருவதை விட்டுவிடுவார். கடைசியாகக் குறைவது டீத்தூள். டீத்தூளும் குறைந்துவிட்டால் அந்த வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பசியை அமர்த்துவதற்குத்தான் அதைப் பிடித்துவைத்திருப்பார்கள். நீங்கள் கடைக்காரராக இல்லாவிட்டாலும், பால் ஊற்றுகிறவரையோ கேஸ் சிலிண்டர் போடுகிறவரையோ விசாரித்தால் இதெல்லாம் தெரியும். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

அருவிக்கரையில் போட்டோ எடுக்கிறவர் ஒருவர் கூட்டம் கலையும்வரை கடைசியில் நின்று எண்ணெய் பாக்கெட் கேட்டார். நான் வழக்கமான அரை லிட்டரை எடுத்து வைத்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி, பாக்கெட்டே போதும்."

"சீசன் கணக்குல எழுதிக்கிடுதேன்."

"சீசனே இல்லையே அண்ணாச்சி."

"எந்த வருசத்துச் சீசன்னு நான் சொன்னேனா வே?"

அன்றைக்கு என் பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து அட்டையில் 'சீசன் கணக்கு' என்று எழுதினேன். வழக்கமான பற்று நோட்டில் மாதக் கடைசியில் கூட்டிச் சொல்ல வேண்டும். இதில் கூட்டவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். நிவாரணம் என்று ஒரு பையைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். கடன் என்றால் வாங்கினார். கடன் வாங்குவது எங்கள் ஊரில் கௌரவக் குறைச்சல் இல்லை, திருப்பித் தருகிற ஆள் என்று ஒருவர் நம்பியதற்கு அத்தாட்சி.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான். பின்னால் வந்து இந்தக் கோயிலைப் பழுதுபார்த்துக் காக்கப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்பது அதன் சாரம். ராஜாவே, அதுவும் இன்னும் பிறக்காதவர்களிடம், இவ்வளவு குனிந்து கேட்டிருக்கிறான். ஐந்து கிலோ அரிசியைக் கொடுத்துவிட்டு மொபைலை நீட்டிப் படம் எடுத்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்வெட்டு ஞாபகம் வரும். படம் எடுத்தால்தான் பணம் அனுப்பியவர் நம்புவார் என்றால் அரிசி மூட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள், போதும்.

வீடுகளுக்குக் கொடுக்கிற பையில் என்ன போடுவது என்பதை ஆம்பளைகள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து முதலில் போட்ட பையில் புழுங்கலரிசி, பருப்பு, புளி, வத்தல், உப்பு, எண்ணெய் இருந்தன. என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "வெறும் வயித்துக்கு மட்டும் பாத்துருக்கிய" என்றாள். துணி சோப்பு, தீப்பெட்டி, பொட்டுக்கடலை, பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நாப்கின், எல்லாம் அவள் சேர்த்தது. நாப்கினைத் தனியாகப் பேப்பரில் சுற்றி அடியில் வைத்தாள். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்ன மாத்திரை என்று பட்டையையே போட்டோ பிடித்து வாங்கிக்கொண்டாள். பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், பட்டையில் எழுத்து மாறாது.

எங்கள் பக்கத்தில் தீராத நோய்க்குத் திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்க்கிற குடும்பங்கள் நிறைய. புளியரைச் செக்போஸ்ட் இறுகியதும் அந்த மருந்துக்கு என்ன செய்வது என்று முழித்தார்கள். காய்கறி லாரி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளிலிருந்து கேரளாவுக்குக் காய் ஏற்றுகிற டிரைவர்கள் சீட்டை வாங்கிப் போய், அங்கே தெரிந்தவர் வாங்கி வைத்த மருந்தைத் திரும்பும்போது கொண்டுவந்து கொடுத்தார்கள். டிரைவரைப் பார்த்தால் நோயைக் கொண்டு வருகிறான் என்று டீக்கடையில் தள்ளி நிற்கச் சொன்ன காலம் அது. தள்ளி நின்று மருந்தை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்த வீடுகளும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

2020இல் ரம்ஜான் நோன்பு ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. தென்காசியிலும் கடையநல்லூரிலும் சாயங்காலம் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்குவதில் சாதி மதம் கிடையாது, எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் போகும். அந்த வருஷம் பள்ளிவாசலில் காய்ச்சக் கூடாது என்றாகி, அரிசியை வீடு வீடாகக் கொடுத்தார்கள். எங்கள் தெருப் பாய் வீட்டில் அதைக் காய்ச்சி, மதில்மேல் வாளியை வைத்துவிட்டு, "கஞ்சி வச்சிருக்கேன்" என்று குரல் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் நாங்கள் கொடுத்தது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

தனியாக இருக்கிற பெரியவர்களுக்குப் போன் போடுவது பற்றி. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, மேலகரத்தில் ஓட்டு வீட்டில் தனியே இருக்கிற ஆச்சிகளிடம் "நல்லாருக்கீயளா, சாப்ட்டாச்சா" என்று கேட்டால் "ஆச்சு" என்று ஒரே வார்த்தையில் முடிப்பார்கள். அது விசாரணை. அவர்களிடம் ஏதாவது தேவைப்பட்டுப் போன் போட வேண்டும். நான் ஒரு ஆச்சியிடம் நாரத்தங்காய் ஊறுகாய் கசக்கிறதே, என்ன செய்ய என்று கேட்டேன். நிஜமாகவே கசந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். மறுநாள் அவரே கூப்பிட்டு, "உப்புல போட்டியா? எத்தனை நாளாச்சு?" என்றார். பிறகு எங்கள் தெருவுக்கு முகக்கவசம் தைத்துத் தந்தார், பழைய சீலைத் துணியில். பையில் அரிசி கொண்டுபோன அன்று, முகக்கவசத்துக்குக் கூலி என்று சொல்லித்தான் அதை உள்ளே எடுத்துப்போனார். வாங்குகிறவரிடமிருந்து நாமும் எதையாவது வாங்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

குரங்குகளையும் சொல்லாமல் விட முடியாது. வருகிறவர்கள் கையிலிருந்து பிடுங்கித் தின்றே வளர்ந்தவை அவை. ஆள் இல்லாமல் கடை வீதியில் வெறிச்சென்று உட்கார்ந்திருந்தன. சிலர் பழமும் சோறும் கொண்டுபோய் வைத்தார்கள். நான் அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான் என் தர்மம்.

இரண்டாம் அலைதான் கொடுமை. முதல் வருஷம் பசி, இரண்டாம் வருஷம் பயம். 2021 மே மாதம் எங்கள் தெரு முக்கு வீட்டில் புருஷன், பெண்டாட்டி, மாமியார் மூன்று பேருக்கும் பாசிட்டிவ். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், குறுக்கே கம்பு கட்டினார்கள். அவர்களுக்குச் சாமான் கொடுப்பது சுலபம். கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூல், அதில் வைத்துவிட்டுப் போன் பண்ணிவிட்டுத் தள்ளி வந்துவிடலாம். சிக்கல் பின்னால் தொழுவத்தில் இருந்தது. கறவை மாடு, இளங்கன்று. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும்.

அடுத்த வீட்டு அக்கா, அந்த மாட்டின் சாணி தன் வாசலுக்கு வருகிறது என்று வருஷக்கணக்காகச் சண்டை பிடித்தவர், செம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனார். மாடு ஒரே உதை, செம்பு உருண்டு போயிற்று. ஜன்னலுக்குள்ளிருந்து வீட்டுக்காரம்மா இருமிக்கொண்டே கத்துகிறார்: "அக்கா, கொடியில என் சேல கெடக்கு பாருங்க, அதச் சுத்திக்கிட்டுப் போங்க. என் வாடை இருந்தாத்தான் விடும்."

அக்கா கொடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கொரோனா வீட்டுச் சேலை. அந்த நாட்களில் அது என்ன பயம் என்று இப்போது சொன்னால் புரியாது. ஒரு குச்சியால் சேலையை எடுத்து நல்ல வெயிலில் கொஞ்ச நேரம் விரித்துவைத்தார். வாடை போயிருமே என்று ஜன்னலிலிருந்து மறுபடி சத்தம். "சும்மா கெட தாயி" என்று சொல்லிவிட்டு நைட்டிக்கு மேல் சுற்றிக்கொண்டு போனார். மாடு முகர்ந்து பார்த்தது, நின்றது. கன்றை ஊட்டவிட்டு மடியைக் கழுவிக் கறந்தார். வீட்டுக்காரர்கள் தேறி எழுந்திருக்கும்வரை அவர்தான் கறவை. சாணிச் சண்டை அதற்குப் பிறகும் நடந்தது என்பது வேறு விஷயம்.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, அடைபட்ட வீட்டுக்கு 'என்ன வேணும்' என்று கேட்டால் அரிசி, காய் என்றுதான் சொல்வார்கள். 'தினமும் காலையில் எழுந்து என்னென்ன வேலை பார்ப்பீங்க' என்று கேட்டால்தான் மாடு வெளியே வரும். அதேபோல, ஒரு வீட்டுக்கு ஒரே ஆள் பொறுப்பெடுப்பது நல்லது. பத்துப் பேர் போன் போட்டு விசாரித்தால் மூச்சு வாங்குகிறவர் பத்துப் பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சீசன் கணக்கு நோட்டு என்னவாயிற்று என்று கேட்பார்கள். 2022இல் அருவியும் சீசனும் ஒன்றாகத் திறந்த பிறகு பெரும்பாலானவர்கள் தாங்களே வந்து கூட்டச் சொன்னார்கள். சிலர் தவணையாகக் கொடுத்தார்கள். சிலர் ஊரைவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள், சிலர் உயிரோடு இல்லை. அந்தப் பக்கங்களை அடித்துவிட்டேன். நோட்டுக்கு ஓய்வில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் இறந்துபோனான், அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். தடை போட வேண்டியதுதான், உயிர் பெரிது. ஆனால் தடை நீள நீளக் கரையில் கடை போட்டவர்களின் டீத்தூள் குறைந்துகொண்டே வந்தது.

என்னை நல்லவன் என்று யாரும் எழுத வேண்டாம். தென்காசியில் எனக்குச் சரக்கு போடுகிற மொத்த வியாபாரி அந்த இரண்டு வருஷமும் என் பாக்கியைக் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நோட்டை முதல் மாதமே மூடியிருப்பேன். உங்கள் தெருக் கடைக்காரரிடம் போய் இப்படி ஒரு கணக்கு வையுங்கள் என்று சொல்வதானால், அவர் நோட்டில் உங்கள் பெயரில் இருக்கிற பழைய பாக்கியை முதலில் தீர்த்துவிட்டுச் சொல்லுங்கள்.