பெரிய சக்கரம் வாங்கப் போகிறவர்களுக்கு

20 அங்குல ஒற்றைச் சக்கரத்தில் ஏறிப் பழகி, 24-லோ 29-லோ ஊர்ச் சாலையைச் சுற்றி வந்துவிட்ட தம்பி தங்கைகளே, அடுத்தது 36 அங்குலம்தான் என்று முடிவெடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். 36 அங்குலச் சக்கரம் பணம் கொடுத்தால் கிடைக்கும் பொருளானதே 1990-களின் கடைசியில்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சட்டனூகா நகரில், பழங்காலக் கார்களுக்கு டயர் விற்கும் கோக்கர் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. அப்போது தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை, கொடுத்ததை ஓட்டினோம். இன்று ஹப், கிராங்க், பிரேக், கைப்பிடி, சீட் ஒவ்வொன்றிலும் நாலைந்து வகை வருகிறது. புதிதாக வருகிறவர்கள் திணறுவதில் வியப்பில்லை.

1. உங்களுக்கு 36 வேண்டுமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.87 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்குப் பதினைந்தரை கிலோமீட்டர். அதே மிதிக்கு 29 அங்குலம் பன்னிரண்டரை கிலோமீட்டர்தான் தரும். நீண்ட, திறந்த சாலை உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஐம்பது மீட்டருக்கு ஒரு சிக்னலும் கூட்டமும் உள்ள இடத்தில் 29-ஏ நல்லது. பெரிய சக்கரம் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி போல, கிளப்பவும் சிரமம், கிளம்பிய பின் நிறுத்தவும் சிரமம். எதையும் பிடிக்காமல் தானே ஏறும் பழக்கம் சின்னச் சக்கரத்தில் வந்திருக்க வேண்டும். கால் நீளத்தையும் அளந்து பாருங்கள். தொடை இடுக்கிலிருந்து தரைவரை 75 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, குட்டைக் கிராங்க் போட்டால்தான் கால் எட்டும். தொடக்கத்திலேயே குட்டைக் கிராங்கில் பழகுவது கஷ்டம்.

2. பணத்தைச் சக்கரத்தில் போடுங்கள். நான் சொல்லப்போவதில் முக்கியமானது இதுதான். சீட், பெடல், கைப்பிடி, கிராங்க் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். ஹப்பை மாற்ற வேண்டுமென்றால் ஸ்போக்ஸ் கம்பி முழுவதையும் பிரித்துக் கோக்க வேண்டும். கம்பி அளவும் மாறும், கூலியும் ஆகும். இவ்வளவு பெரிய வட்டத்தில் கம்பிகள் நீளமாக இருப்பதால், மேடேறும்போது பெடலை அழுத்தினால் சக்கரம் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும், பிரேக் கட்டையிலும் உரசும். கம்பி மாட்டும் விளிம்புகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க இருக்க இந்த ஆட்டம் குறையும். அதற்காகவே 36-க்கென்று அகல ஹப் வந்திருக்கிறது. வழக்கமான 100 மி.மீ. ஹப், 125 மி.மீ. ஹப் இரண்டும் கிடைத்தால் அகலமானதை எடுங்கள். கால்கள் சற்றே விரியும், சில நாளில் பழகிவிடும். இங்கிலாந்தின் சாமர்செட்டிலிருந்து 2015-ல் புறப்பட்டு 2018-ல் ஊர் திரும்பிய எட் பிராட், ஒற்றைச் சக்கரத்தில் உலகைச் சுற்றியது 36 அங்குலத்தில்தான். மூட்டை முடிச்சு உட்பட அத்தனை பாரமும் ஒரே சக்கரத்தின் மேல். எந்தப் பாகம் உறுதியாக இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

3. ஹப்பின் அச்சு முனை சதுரமாக இருந்தால் விலை குறைவு. ஐசிஸ் என்ற பல் வைத்த முனைக்கு விலை கூடுதல். ஐசிஸையே எடுங்கள். நம் சக்கரத்தில் ஃப்ரீவீல் கிடையாது. முன்னால் தள்ளுவதும் பின்னால் அடக்குவதும் அந்த ஒரே இணைப்பில்தான். சதுர முனையில் கிராங்க் சிறிது தளர்ந்த நிலையில் நான்கு நாள் ஓட்டினாலே துளை உருண்டுவிடும். கிராங்கை அடிக்கடி மாற்றப் போகிறவர்களுக்கும் பல் வைத்ததுதான் தாங்கும். அதற்குரிய கிராங்க் கழற்றியையும் சேர்த்தே வாங்குங்கள். சதுர முனைக்கான கழற்றி இதற்குப் பொருந்தாது.

4. கிராங்க் நீளம். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நமக்குக் கியர் என்பதே சக்கர ஆரத்துக்கும் கிராங்குக்கும் உள்ள விகிதம்தான். 36 அங்குலத்தின் ஆரம் 457 மி.மீ. 150 மி.மீ. கிராங்க் போட்டால் விகிதம் மூன்று. 125 போட்டால் மூன்றரைக்கு மேல். 100 போட்டால் நாலரை. நீங்கள் கற்றுக்கொண்ட 20 அங்குலச் சக்கரத்தில் 125 மி.மீ. கிராங்க் இருந்திருந்தால் விகிதம் இரண்டுதான். 29 அங்குலத்தில் 125 போட்டவர்களுக்கு மூன்றை ஒட்டி வரும். ஆகவே 29-ஐ 125-ல் நன்றாக ஓட்டுகிற ஒருவர் 36-ல் 150 போட்டுத் தொடங்கினால், மிதிக்கும் பலம் ஏறக்குறைய பழக்கமானதாகவே இருக்கும். எடை மட்டும்தான் புதிது.

150-ல் தொடங்குங்கள் என்பதே என் சொல். ஏறுவதற்கும், மேட்டுக்கும், பிரேக் இல்லாமல் அடக்குவதற்கும் அது கைகொடுக்கும். குறையும் உண்டு. பாதம் 30 சென்டிமீட்டர் வட்டம் போடுவதால் வேகமாக மிதிக்கும்போது இடுப்பு ஆடும், தொடை உரசும். சாலையில் நேராக ஓட்டத் தெரிந்ததும் 125-க்கு இறங்கலாம். சமதளச் சாலையில் பலர் 110, 114 என்று இருந்துவிடுகிறார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2008-ல் 800 கிலோமீட்டர் தொடர் பந்தயம் நடந்தது, ரைட் த லாப்ஸ்டர் என்று பெயர். அதுபோன்ற பந்தயப் படங்களைப் பார்த்துவிட்டு முதல் நாளே குட்டைக் கிராங்க் கேட்பவர்கள் உண்டு. பந்தயத்தில் ஓட்டுகிறவர்களின் கால் பல ஆண்டு பழகிய கால். ஒரே கிராங்கில் 127-க்கும் 150-க்கும் இரண்டு துளை வைத்து விற்கிறார்கள். எடை சற்றுக் கூடும். ஆனாலும் ஒரு ஸ்பேனரோடு இரண்டு நீளத்தையும் ஒரே மாலையில் ஓட்டிப் பார்த்துவிடலாம். முதல் கிராங்காக அதையே நான் பரிந்துரைப்பேன்.

5. பிரேக்கை வீண் செலவென்று நினைக்காதீர்கள். நீண்ட இறக்கத்தில் முழங்காலால் மட்டும் அடக்கிக்கொண்டு வந்தால், வயதானபின் அந்த மூட்டு கணக்குக் கேட்கும். இது சட்டென்று நிறுத்தும் கருவி அல்ல. வெடுக்கென்று பிடித்தால் முன்னால் விழுவீர்கள். லேசாகப் பிடித்தபடியே இறங்கி, பாரத்தைக் காலிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். எண்ணெயில் இயங்கும் ரிம் பிரேக்கும் நன்று, டிஸ்க்கும் நன்று. ரிம் பிரேக்குக்குச் சக்கரத்தில் கோட்டம் இருக்கக் கூடாது. மழையில் டிஸ்க் மேல். இப்போது பணம் இல்லையென்றால் பிரேக்கை மட்டும் தள்ளிப்போடுங்கள். அதை மாட்டும் தாங்கி உள்ள ஃபிரேமைத் தள்ளிப்போடாதீர்கள்.

6. ஃபிரேம் இரும்பா அலுமினியமா என்று அதிகம் யோசிக்க வேண்டாம். தோள்பகுதி குறுகலாக, முழங்கால் இடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் போஸ்ட் துளையின் அளவைக் குறித்து வையுங்கள். 25.4, 27.2 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

7. சீட் ஒவ்வொருவர் உடம்புக்கு ஒவ்வொன்று. எதற்குக் கூடுதல் விலை கொடுத்தாலும், ஒரு மணி நேரம் உட்காரும் முன் அது சரியா என்று தெரியாது. அதனால் கூடவே வரும் சீட்டோடு தொடங்குங்கள். மூக்கை மேலே கீழே சாய்க்க உதவும் இரட்டை போல்ட் போஸ்ட் மட்டும் முதலிலேயே இருக்கட்டும், பாதி வலி அதில் தீரும். சீட்டுக்கு முன்னால் நீளும் கைப்பிடியை ஒரு மாதம் கழித்து மாட்டலாம். மேட்டில் இழுத்து மிதிக்கவும், உடல் எடையில் கொஞ்சத்தைக் கைக்கு மாற்றவும் அது பெரிய துணை. தொடக்கத்தில் அதன்மேல் சாய்ந்து ஓட்டப் பழகிவிட்டால் நேராக உட்காரும் பழக்கம் வராது.

8. சாலைக்கு வழவழப்பான டயர். காற்று குறைந்தால் ஓரம் சரிந்த சாலையில் சக்கரம் பள்ளத்துப் பக்கம் இழுக்கும். கைக்கு முரண்டு பிடித்தால் டயரைக் குறை சொல்லும் முன் காற்றைப் பாருங்கள். உதிரி டியூப் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வரவழையுங்கள், 36 அங்குல டியூப் பக்கத்துக் கடையில் இருக்காது. அவசரத்துக்கு 29 அங்குல டியூபை இழுத்து மாட்டலாம். எடை குறையும் என்று எப்போதுமே அதைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

9. இரட்டைக் கியர் ஹப் வேண்டாம், இப்போதைக்கு. சுவிட்சர்லாந்தின் ஃப்ளோரியன் ஷ்லும்ஃப் வடிவமைத்தது அருமையான பொறி. அச்சின் முனையிலுள்ள பொத்தானைக் குதிகாலால் தட்டினால் சக்கரம் மிதியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சுழலும். 36 அங்குலத்தில் அந்த வேகத்தில் விழுவதற்கு முன், சாதாரண 36-ல் இறங்கி ஓடத் தெரிந்திருக்க வேண்டும்.

10. பெட்டியில் வந்ததை நீங்களே பூட்டுவதானால் இடது, வலது பார்த்துப் பூட்டுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும். சீட்டை முன்பின் மாற்றி வைத்து ஓட்டினால் பெடல்கள் தாமே கழன்று, கிராங்கின் மரையைத் தின்றுவிடும்.

11. பழையது கிடைத்தால் தயங்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் கோட்டம் பாருங்கள், கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். பெடலின் மரை வழுக்கினால் ஒரு கிராங்கின் விலையைக் கழித்துக் கேளுங்கள். கிராங்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஹப்பின் பற்கள் தேய்ந்திருந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.