ஆடும் கைப்பிடியை அலட்சியம் செய்யாதீர்கள்!



இந்த இதழில் நாம் படிக்கப்போவது ஒரு சின்ன ரப்பர் துண்டைப் பற்றி. வண்டி ஓட்டும்போது இரண்டு கையாலும் பிடிக்கிறோமே, அந்தக் கைப்பிடி ரப்பர். கடைக்காரர்கள் 'கிரிப்' என்பார்கள். "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரிக்காதீர்கள். எங்களுக்கு அனுபவம்தான் இதைக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் கூட்டமைப்பின் கணக்காளர் அக்காவுக்கு வாரத்தில் ஐந்து நாள் வண்டியில்தான் பயணம். குழுக் கடனில் வாங்கிய மொபெட். போன மழைக்காலத்தில் ஒரு நாள், கூட்டம் முடிந்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பினார். வாய்க்கால் பாலத்து வளைவில் சின்ன பள்ளம். வண்டி குலுங்கியதும் இடது கைப்பிடி அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. பிரேக் பிடிக்கக்கூட முடியவில்லை. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் கட்டோடு இருந்தார். இரண்டு மாதத் தவணை தள்ளிப்போனது.

"ரெண்டு மாசமா ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. பெட்ரோல் இருக்கா, காத்து இருக்கான்னு பாப்பேன். பிடியை யாரு பாக்கறா? துணியைச் சுத்திக் கட்டி ஓட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் அக்கா.

அந்தத் துணிக்கட்டை நாங்களும் பார்த்திருக்கிறோம். அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்தும் போயிருக்கிறோம். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறை எங்கள் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் வெளியே நின்ற எல்லா வண்டிகளையும் சோதித்துப் பார்த்தோம். நான்கு வண்டிகளில் பிடி கையோடு சுழன்றது!

நாம் வண்டி ஏறியது சும்மா நடந்துவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். 2018-ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி வாங்க மானியம் கொடுத்தது. வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. ஓட்டக் கற்றுக்கொண்ட நாம், சின்னச் சின்னப் பராமரிப்பையும் கற்றுக்கொள்ள வேண்டாமா?

பிடி ஏன் தளர்கிறது?

ஹேண்டில் கம்பி பெரும்பாலான வண்டிகளில் 22 மில்லிமீட்டர் கனம். ரப்பரின் துளை அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருப்பதால்தான் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறது. வெயிலில் நின்று நின்று ரப்பர் அந்தப் பிடிப்பை இழக்கிறது. கை வியர்வையும், தலைக்கு எண்ணெய் வைத்த கையும் அதை ஊற வைக்கின்றன. டீசல் அடித்துக் கழுவினால் ரப்பர் உப்பி இளகிவிடும். மழைத் தண்ணீர் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து, துருத்தூள் உதிர்ந்து ரப்பர் வழுக்கும். இது போதாதென்று காய்கறிப் பையையும் பால் கேனையும் கைப்பிடியிலேயே மாட்டுகிறோம்!

எந்தப் பக்கம் என்ன ஆபத்து?

கியர் இல்லாத மொபெட்டிலும் ஸ்கூட்டியிலும் இரண்டு பிரேக்கும் கையில்தான். பிடி வழுக்கினால் பிரேக்கும் சரியாகப் பிடிக்க வராது. இடது பிடி, அக்காவுக்கு நடந்த மாதிரி முழுதாகக் கழன்று வரலாம்.

வலது பக்கம் ஆக்சிலேட்டர். அங்கே ரப்பர் நேராகக் கம்பியில் உட்காருவதில்லை. கம்பிமேல் சுழலும் ஒரு பிளாஸ்டிக் குழாயின்மேல் உட்காருகிறது. ரப்பர் தளர்ந்தால் கை திருகும், வண்டி வேகம் எடுக்காது. ரப்பர் உள்பக்கம் நகர்ந்து சுவிட்சுப் பெட்டியில் உரசினால் இன்னும் மோசம். கையை விட்டாலும் ஆக்சிலேட்டர் திரும்பாது. வண்டி தானாக ஓடும்.

தேவையான பொருட்கள்

ரப்பர் ஒட்டும் பசை (ஹார்டுவேர் கடையிலோ உதிரிபாகக் கடையிலோ கிடைக்கும்), மருந்துக்கடை ஸ்பிரிட், பழைய பருத்தித் துணி, உப்புத்தாள், துருப்பிடிக்காத மெல்லிய கம்பி, குறடு. ரப்பர் வெடித்திருந்தாலோ, பிசுபிசுவென்று இளகியிருந்தாலோ ஒட்டிப் பயனில்லை. புதுசு வாங்குங்கள். இடது, வலது இரண்டுக்கும் துளை அளவு வேறு. வலதுக்குக் குழாய் இருப்பதால் துளை பெரிசு. அதனால் உங்கள் வண்டியின் பெயரைச் சொல்லி ஜோடியாகவே கேளுங்கள். சில வண்டிகளுக்கு வலது ரப்பரும் குழாயும் ஒன்றாகவே வரும். அதை மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுவதே நல்லது.

செய்முறை

1. வண்டியை நிழலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். கம்பி நுனியில் திருகாணி போட்ட குண்டு இருந்தால் அதை முதலில் கழற்றி, பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

2. ரப்பரைக் கழற்றுங்கள். வரவில்லை என்றால் முனை மழுங்கிய மெல்லிய குச்சியை உள்ளே விட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றித் திருகினால் வந்துவிடும். பஞ்சர் கடையில் காற்றுக்குழாயை இடுக்கில் வைத்து அடித்தாலும் கழன்றுவிடும்.

3. இடது கம்பியில் இருக்கும் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பழைய பசையையும் சுரண்டிவிடுங்கள். வலது பிளாஸ்டிக் குழாயை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

4. ரப்பரின் உள்பக்கத்தையும் ஸ்பிரிட் துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெயோ சோப்போ கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பசை பிடிக்காது. பாதிப் பேர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்! ஸ்பிரிட்டும் பசையும் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. குழந்தைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

5. கம்பியின்மேல் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். ரப்பருக்கு உள்ளேயும் கொஞ்சம். பசை காய்வதற்குள் ரப்பரைத் திருகிக்கொண்டே ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

6. வலது பக்கம் ரொம்பக் கவனம். குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் பசை ஒரு துளிகூடப் போகக் கூடாது. போனால் ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொள்ளும். ரப்பருக்கும் சுவிட்சுப் பெட்டிக்கும் நடுவே ஒரு தீக்குச்சி கனம் இடைவெளி விடுங்கள்.

7. பல ரப்பர்களில் கம்பி சுற்றுவதற்கென்றே பள்ளம் இருக்கும். இருந்தால் மெல்லிய கம்பியை அதில் சுற்றி, குறடால் முறுக்குங்கள். ரப்பர் அறுபடும் அளவுக்கு இறுக்காதீர்கள். முறுக்கிய நுனியை வெட்டி, உள்ளங்கை படாத முன்பக்கமாக மடித்து ரப்பரில் அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் கையைக் கிழித்துவிடும்.

8. ஓர் இரவு முழுக்க வண்டியைத் தொடாதீர்கள். பசை டப்பாவில் அதற்கு மேல் நேரம் போட்டிருந்தால் அதன்படி காத்திருங்கள்.

ஓட்டும் முன் சோதனை

காலையில் எஞ்சினைப் போடாமல், இரண்டு பிடியையும் பலமாகத் திருகி, வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. பிறகு ஹேண்டிலை நேராகவும், முழுக்க இடதாகவும், முழுக்க வலதாகவும் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிலேட்டரைத் திருகி விடுங்கள். 'டக்'கென்று தானாகத் திரும்ப வேண்டும். கடைசியாக, சென்டர் ஸ்டாண்டிலேயே எஞ்சினைப் போட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்புங்கள். சத்தம் கூடக் கூடாது. ஆக்சிலேட்டர் மெதுவாகத் திரும்பினாலோ, சத்தம் கூடினாலோ வண்டியை எடுக்க வேண்டாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

செய்யக் கூடாதவை

* துணி, சைக்கிள் டியூப், செல்லோடேப் சுற்றி ஓட்டாதீர்கள். மேலே இறுகின மாதிரி இருக்கும். உள்ளே வழுக்கிக்கொண்டுதான் இருக்கும்.
* சுலபமாக நுழையட்டும் என்று தேங்காய் எண்ணெய், கிரீஸ் தடவாதீர்கள்.
* பிள்ளைகளின் நோட்டுக்கு ஒட்டும் வெள்ளைப் பசை வேண்டாம். வியர்வையிலும் மழையிலும் கரைந்துவிடும்.
* பளபளப்புக்காகக் கைப்பிடிமேல் தளர்வான உறை மாட்டாதீர்கள். உறையே சுழலும்.
* கைப்பிடியில் பை மாட்டாதீர்கள். வண்டியில் கொக்கி எதற்கு இருக்கிறது?

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை பேர் வண்டி ஓட்டுகிறோம்? கடைசியாகக் கைப்பிடியைத் திருகிப் பார்த்தது எப்போது?
2. "அவர் வந்து பாத்துக்குவார்" என்று நாம் தள்ளிப்போட்டிருக்கும் வேலைகள் என்னென்ன?
3. தோழியின் வண்டியில் ஒரு குறையைப் பார்த்தும் சொல்லாமல் விட்டிருக்கிறோமா? ஏன்?

எங்கள் கூட்டமைப்பில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதக் கூட்டம் முடிந்ததும் அவரவர் வண்டியைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் வண்டியைப் பார்க்கிறோம். தன் வண்டி ஆடுவது தனக்குப் பழகிப்போய்விடும். அடுத்தவர் கைக்குத்தான் உடனே தெரியும். பசை டப்பாவும் குறடும் அலுவலக அலமாரியிலேயே இருக்கின்றன.

கணக்காளர் அக்கா மறுபடியும் வண்டி எடுத்துவிட்டார். புதுப் பிடியை அவரே தன் கையால் மாட்டினார். இப்போது எந்தக் குழுவுக்குப் போனாலும், நோட்டைத் திறக்கும் முன் வாசலில் நிற்கும் வண்டிகளைத்தான் முதலில் திருகிப் பார்க்கிறாராம்!

நீங்களும் இன்று வண்டியை எடுக்கும் முன் ஒரு தரம் திருகிப் பாருங்கள் சகோதரிகளே. ஆடினால் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.