நம்பிக்கைகளும் உண்மைகளும்: பழைய டிராக்டர் காலையில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

“மார்கழிப் பனி, அதான் வண்டி எழும்பல.” நவரைப் பட்டத்துக்குச் சேறடிக்கும் நாட்களில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பனி மேல் பழி போடுவது தவறு. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைச் சுமார் 16, 17 மடங்கு அழுத்தும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. நம்மூர்க் குளிர் அந்தச் சூட்டைத் தணித்துவிடாது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால்தான் சூடு போதாமல் போகும். முதலில் பேட்டரி டெர்மினலில் பூத்த உப்பைச் சுரண்டுங்கள், எர்த் வயரை இறுக்குங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே வரவில்லையா? டீசல் உள்ளே போகவில்லை, ஏர் பிடித்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் லிவரைக் கையால் அடித்தால் நுரையும் குமிழியுமாக டீசல் வரும். குமிழி நின்று தெளிந்த டீசல் வழியும்போதே ஸ்குரூவை இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டுகிறார்கள். பிஸ்டன் மேலேறி முடிப்பதற்குள் அந்த ஆவி வெடித்தால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். பழவேற்காடு பக்கத்து ஈரக்காற்றில் அரை டேங்க் டீசலோடு இரவு முழுக்க நிறுத்தினால் உள்ளே தண்ணீர் கோக்கும். மாலையிலேயே டேங்கை நிரப்பிவிடுவது நல்லது.

ஆயில் கறுத்தால் கெட்டது என்பதும் சரியல்ல. கரியைத் தன்னோடு இழுத்துக்கொள்வதால்தான் அது கறுக்கிறது. மாற்றும் நேரத்தை மணி மீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பால் காப்பி நிறத்துக்கு மாறினால் மட்டும் உடனே வண்டியை நிறுத்துங்கள், தண்ணீர் கலந்திருக்கிறது.

என்னை மிகவும் வருத்துவது, ‘வண்டி சூடாகாது’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபேயின் மாஸி ஃபெர்குசன் 1035 போன்ற நம்மூர் வண்டிகள் எத்தனையோ வருஷம் உழைக்கக் கூடியவை. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாமல், போதிய சூடு ஏறாமலே ஓடினால் எரியாத டீசல் லைனரில் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும், தேய்மானம் கூடும். சூடேறினால் ரேடியேட்டரையும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள்.

சிப்காட் சாலைப் புழுதியில் டிப்பர் இழுக்கும் வண்டிக்கு ஏர் கிளீனர் கிண்ணத்தை அடிக்கடி கழுவ வேண்டும். ‘நிறைய ஊற்றினால் நன்றாக வடிகட்டும்’ என்று அந்தக் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றாதீர்கள். இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துத் தானாக வேகமெடுக்கும். ஸ்டாப் நாபை இழுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அது டீசலை மட்டுமே நிறுத்தும். அப்போது காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல.