சிரிப்பும் கண்ணீரும்: கலவையா, சேர்மமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துக் கூறுகையில் நகையை முதலிலும், அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். இலக்கணத்தில் அவை அண்டை வீட்டுக்காரர்கள். திரைப்படத்திலோ இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைக்க முயன்று தடுமாறியவர்கள் பலர். அத்தடுமாற்றத்தை ஒரு நல்ல படத்தைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' அப்படம்.

அதைத் தயாரித்த ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பன் நம் காரைக்குடிக்காரர். 'நாம் இருவர்' (1947) இங்கே அவர் அமைத்த ஸ்டூடியோவில்தான் படமாயிற்று. அதற்கு முன்பே, 1941-இல், ஏ.டி. கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து அவர் இயக்கிய 'சபாபதி' வெளிவந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து பிறந்த அப்படத்தின் வேலை சிரிக்க வைப்பது. ஆகவே அதற்குத் தடுமாற்றம் இல்லை. 'சர்வர் சுந்தரம்' ஏற்றுக்கொண்ட சுமையோ பெரிது.

கே. பாலசந்தரின் நாடகத்தைக் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர். நாகேஷ் சுந்தரமாகவும், முத்துராமன் நண்பன் ராகவனாகவும், கே.ஆர். விஜயா ராதாவாகவும் நடித்தனர். ஓட்டலில் சர்வராக இருக்கும் சுந்தரம் ராதாவை விரும்புகிறான்; அவள் மனமோ ராகவனிடம். நண்பனின் உதவியால் சுந்தரம் திரைப்பட நடிகனாகிப் புகழடைகிறான். காதல் கைகூடவில்லை. தாயின் கடைசி நேரத்தில் அருகில் இருக்கவும் முடியவில்லை. புகழை உதறிவிட்டு மீண்டும் சர்வராகிறான்.

வேதியியல் மாணவனாகிய எனக்கு இங்கே ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. இரும்புத் துகளையும் கந்தகப் பொடியையும் சேர்த்தால் கிடைப்பது கலவை. காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியே வந்துவிடும். அதையே சூடேற்றினால் இரும்பு சல்பைடு என்னும் சேர்மம் பிறக்கும். பிறகு காந்தத்தின் ஜம்பம் சாயாது.

டம்ளர்களைக் கோபுரம்போல் அடுக்கி ஏந்திக்கொண்டு நாகேஷ் நடக்கும்போது நாம் சிரிக்கிறோம். விழுந்தால் அவன் பிழைப்பு என்னாகும் என்று அஞ்சவும் செய்கிறோம். இது சேர்மம். சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தில் கண் தெரியாத பூக்காரி, அருகில் அவன் இருப்பதறியாமல் முகத்தில் தண்ணீரை வீசிவிடுகிறாள். அவன் வாய்திறவாமல் மெல்ல நழுவுகிறான். சிரிப்பும் இரக்கமும் ஒரே கணத்தில் எழுகின்றன. எந்தக் காந்தத்தால் பிரிப்பது?

ஆனால் 'சர்வர் சுந்தரம்' முடிவை நெருங்க நெருங்கச் சிரிப்பு ஒதுங்கிக்கொள்கிறது. அழுகை மட்டும் மேடையேறுகிறது. முற்பகுதியில் சுந்தரத்தின் இயல்பிலிருந்தே துயரம் பிறந்தது. பிற்பகுதியில் அது வெளியிலிருந்து வந்து அவன்மேல் விழுகிறது. சேர்மம் கலவையாகிவிடுகிறது என்பேன்.

இது கலைக்குறை மட்டுமா? என் தந்தையார் திருமண வீடுகளில் பந்தி பரிமாறுபவர். சாம்பார் வாளியுடன் ஓடும்போதே வேடிக்கை பேசி இலைக்காரர்களைச் சிரிக்க வைப்பார். வீடு திரும்பியதும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அந்த முடிவை என்னால் வெறும் கதையாகப் பார்க்க இயலவில்லை. மேலே போனவன் தாயை இழப்பான், திரும்பி வந்தால்தான் அமைதி என்று படம் சொல்வதுபோல் படுகிறது. பரிமாறும் தொழில் இழிவானதன்று. அதுதான் என்னைப் படிக்க வைக்கிறது. ஆயினும் உயர்ந்ததற்குத் தண்டனைபோல அதே தட்டை மகன் கையில் திரும்பக் கொடுப்பது நியாயமா? என் தந்தையார் அதற்காகவா வாளி சுமக்கிறார்?

மறுபக்கமும் உண்டு. புகழ் வந்தபின் வீட்டை எண்ண நேரமின்றிப் போவது பொய்யன்று. அவ்வெச்சரிக்கை என்போன்றவர்களுக்குத் தேவையே. அதைச் சுந்தரம் தன் வேடிக்கை மாறாமலே உணர்ந்திருந்தால், வேலையையும் விடாமல் தாயையும் மறவாமல் வாழ முயன்றிருந்தால், சேர்மம் கடைசிவரை நின்றிருக்கும்.

நாகேஷ் 2009-இலும் பாலசந்தர் 2014-இலும் மறைந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற இப்படத்தை மாணவ நண்பர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். எந்தக் காட்சியில் சிரித்துக்கொண்டே கண் கலங்கினீர்கள், எந்தக் காட்சியில் அழுகை மட்டும் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோதனையின் முடிவைப் பேராசிரியப் பெருமக்கள் திருத்தித் தருவார்களாக!