சூடு காட்டிக்கொடுத்த கிருமி

கேள்வி: உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்குப் பல இனக் கிருமிகள் காரணமாமே! நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே மாதிரிச் சுருளாகத் தெரியும்போது எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

பதில்: மரபணுவை வைத்துத்தான். பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் மரபணு இவற்றில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் அது மட்டும் போதாது. எட்டு மரபணுக்களைச் சேர்த்து ஒப்பிடுவார்கள். சில நேரம் சூடே காட்டிக்கொடுத்துவிடும். பி.சி.ஆர் சோதனையில் பெருக்கிய டி.என்.ஏ.வை மெல்லச் சூடேற்றினால் இரண்டு இழைகளும் பிரியும். டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை வேறுபட்டால் பிரியும் வெப்பநிலையும் மாறும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2012-14இல் ஆறு பேரின் மாதிரிகள் வழக்கமில்லாத வெப்பநிலையில் பிரிந்தன. விடாமல் துருவியதில் சிக்கியது புது இனம்! பொரேலியா மேயோனி என்று 2016இல் அறிவித்தார்கள். சிகிச்சை என்னவோ பழையதேதான்: டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள்.